மொட்டைமாடிக்கு வந்த கண்ணாடிக் குழாய்

திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு வேடிக்கை உண்டு. கொடைக்கானலில் வெந்நீர் வருடம் முழுக்க வேண்டும், ஆனால் பாதி நாள் மேகம். கீழே காந்திகிராமத்தில் வெயில் கொட்டிக் கிடக்கிறது, வெந்நீர் தேவைப்படுவதோ முக்கியமாக மார்கழி, தை விடியல்களில்தான். சிறுமலைப் பக்கக் காற்று சில்லிடும் அந்த மாதங்களை நம்பித்தான் இங்கே மொட்டைமாடிகளில் சோலார் ஹீட்டர் ஏறியது. சாய்ந்து படுத்திருக்கும் கருநீலக் கண்ணாடிக் குழாய்கள், அவற்றின் தலைமாட்டில் உருளை டேங்க். 100 லிட்டர் என்றால் பெரும்பாலும் 10 குழாய். எல்லாரும் சொல்வது ‘டியூப்’.

அந்த டியூபின் பூர்வீகம் லண்டன். 1892இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டூவார், குளிர்வித்துத் திரவமாக்கிய வாயுக்களைச் சேமிக்க இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவை ஒன்றைச் செய்தார். இரண்டு சுவர்களுக்கும் நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் வெப்பம் எளிதில் கடந்து போக முடியாது. அவர் காப்புரிமை வாங்கவில்லை. ஜெர்மனியில் அதைத் தெர்மாஸ் பிளாஸ்க்காக்கி விற்றவர்கள் சம்பாதித்தார்கள். அதே வெற்றிடத்தைச் சூரிய வெப்பத்தைப் பிடித்துவைக்கவும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் எம்மெட் 1911இல் காப்புரிமை பெற்றார். யோசனை சரிதான், காலம் கனியவில்லை. மலிவான எண்ணெயும் மின்சாரமும் இருக்கும்வரை அதை யாரும் சீந்தவில்லை. 1970களின் எண்ணெய் நெருக்கடிதான் பழைய தாளைத் தூசு தட்டவைத்தது.

மிச்சமிருந்த சிக்கல், இரட்டைச் சுவர் டியூபின் உள்குழாய்மேல் எதைப் பூசுவது என்பது. வெயிலை வாங்கவேண்டும், வாங்கிய சூட்டை வெளியே விடக்கூடாது. சிட்னி பல்கலைக்கழகத்தில் இதற்கான பூச்சு உருவானது. பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் 1980களில் அலுமினியத்தையும் அலுமினிய நைட்ரைடையும் மெல்லிய அடுக்குகளாகப் பூசும் மலிவான முறையைக் கண்டார்கள். மாடியில் நாம் பார்க்கும் கருநீலம் அதுதான். அதன்பின் டியூப் என்றாலே சீனா என்றாகிவிட்டது. அட்டைப்பெட்டியில், இரு முனைக்கும் தெர்மாகோல் வைத்து, கப்பலிலும் லாரியிலும் வந்து சேர்கிற இந்தக் கண்ணாடி அவ்வளவு சுலபத்தில் உடைவதில்லை. ஆய்வகக் குடுவை செய்கிற அதே போரோசிலிக்கேட் வகை.

டியூபின் அடிப்பக்கத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். உள்ளே கண்ணாடி முகம்போல வெள்ளிப்பூச்சு மின்னும். அது அழகுக்கு இல்லை. வெற்றிடத்தில் எஞ்சிய வாயுவை இழுத்துக்கொள்ளத் தூவிய பேரியம். காற்று புகுந்துவிட்டால் வெள்ளி மறைந்து சுண்ணாம்பு நிறமாகிவிடும். டியூப் உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல வேறு கருவி வேண்டாம்.

இத்தனை பேர் மூளையைக் கசக்கிச் செய்த பொருள் காந்திகிராமம் வந்ததும் போர்த் தண்ணீரிடம் மாட்டிக்கொள்கிறது. சின்னாளபட்டி, அம்பாத்துரை என்று இந்தச் சமவெளி முழுக்க அடியில் கடும்பாறை. பாறை இடுக்கில் நின்று ஊறிய தண்ணீர் சுண்ணத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதையும் தாண்டுகிற கிணறுகள் திண்டுக்கல் பக்கம் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீர் தினம் 100 லிட்டர் போனால் அதில் கரைந்திருப்பது 50 கிராம். பத்தில் ஒரு பங்கு தங்கினால்கூட வருடத்துக்கு இரண்டு கிலோவை நெருங்கும்.

தங்குமிடம் டியூபின் அடிதான். சூடான நீர் குழாயின் மேல்பக்கமாக டேங்குக்கு ஏற, குளிர்ந்தது கீழ்ப்பக்கமாக இறங்கும். மோட்டார் இல்லாமல் நடக்கிற சுழற்சி. ஆனால் குழாயின் அடி மூடியது. சூட்டில் பிரிகிற சுண்ணாம்பு அங்கே போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. இரண்டு வருடத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். ஆள் வந்து பார்த்து, “டியூப் போயிருச்சுக்கா, மாத்திரலாம்” என்பார். அடியில் வெள்ளி மின்னிக்கொண்டிருந்தால் அக்கா சம்மதிக்க வேண்டாம். போனது டியூப் அல்ல, அடைத்திருப்பது உப்பு.

கழுவுவது வீட்டு வேலைதான், இரண்டு பேர் வேண்டும். முந்தின மாலையே வெந்நீரைத் திறந்து விட்டுவிட்டு, டேங்குக்கு வரும் வால்வை மூடிவிடுங்கள். விடியலில், வெயில் ஏறுமுன், டேங்கை வடித்துவிட்டு அடியிலிருக்கும் பிளாஸ்டிக் கப்பைக் கழற்றுங்கள். டேங்க் வாயில் உள்ள ரப்பர் வாஷரில் சோப்புத் தண்ணீர் தடவி, டியூபைத் திருகியபடியே கொஞ்சம் மேலே தள்ளி, கீழ் முனை விடுபட்டதும் சாய்வாக உருவவேண்டும். 1800 மில்லிமீட்டர் நீள டியூபுக்குள் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீர் நிற்கும் என்பதால் கனக்கும். கவிழ்த்தால் முதலில் கலங்கல், பிறகு முட்டையோடு நொறுங்கினாற்போல வெள்ளைச் செதில்கள்.

ஒட்டிக்கொண்டதற்கு சிட்ரிக் ஆசிட் போதும். லிட்டருக்கு 50 கிராம் கரைத்து ஊற்றினால் நுரைத்து வரும். சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது. சில மணி நேரம் நிழலில் ஊறட்டும். பிறகு நீளக் குச்சியில் துணி கட்டித் தேய்க்கலாம். கம்பி பிரஷ் கூடாது. குழாயின் நுனியில் காம்பு மாதிரி ஒரு முனை இருக்கும், காற்றை உறிஞ்சி மூடிய இடம். அதைத் தரையில் தட்டினால் டியூபின் கதை முடிந்தது. திருப்பி மாட்டி, வெயில் சுடுமுன் டேங்கை நிரப்பிவிடுங்கள். தாமதமானால் ஒரு போர்வையைப் போட்டு மூடுங்கள். வெறும் டியூப் வெயிலில் 200 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் போரோசிலிக்கேட்டும் வெடிக்கும்.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை டேங்கில் ஊற்றுகிறவர்களும் உண்டு. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஸ்டீல் டேங்க் ஓட்டையாகும். வேலை பார்ப்பவரின் மூச்சுக்கும் ஆபத்து.

1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியது கிராமம் தன் தேவைக்குத் தானே கைகொடுக்க வேண்டும் என்றுதான். இங்குள்ள கிராமியப் பல்கலைக்கழகத்தில் ஊரக எரிசக்திக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. கடல் கடந்து வந்த டியூபுக்கும் அந்தக் கொள்கைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். செய்தது யாராக இருந்தாலும், பழுது பார்க்க நமக்குத் தெரிந்திருந்தால் அது நம் பொருள் என்பது என் கட்சி. வருடம் ஒருமுறை கழுவினால் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும்.

வெள்ளி வெளுத்துப்போன டியூபுக்கு மட்டும் வைத்தியம் இல்லை. அதைச் சோடா பாட்டில் சில்லோடு போடாதீர்கள். உருகும் சூடு வேறு என்பதால் இரண்டையும் சேர்த்து உருக்க முடியாது. உடைந்திருந்தால் சாக்கில் சுற்றிக் கட்டி, தனியாக வைத்து, குப்பை எடுக்க வரும் தூய்மைக் காவலரிடம் “உள்ளே கண்ணாடி” என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.