சாலிக்ஸ் ஆல்பா: ஒரு மரப்பெயரின் வரலாறு

கிரிக்கெட் மட்டையால் நமக்கு அறிமுகமான மரம் வில்லோ. மட்டை செய்ய உகந்ததென்று இங்கிலாந்தில் வளர்ப்பது வெள்ளை வில்லோவின் ஒரு வகையை. அம்மரத்துக்கு லின்னேயஸ் 1753இல் பதிந்த பெயர் சாலிக்ஸ் ஆல்பா. இரண்டும் லத்தீன் சொற்கள்.

'ஆல்பா' எளிது. வெண்மை என்று பொருள். பட்டையை வைத்து வந்த பெயர் அன்று. முதிர்ந்த மரத்தின் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு, ஆழமாக வெடித்திருக்கும். வெண்மை இலையில்தான். 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீண்டு, ஒடுங்கி, கூர்ந்த இலை அது. அதன் அடிப்புறத்தில் பட்டு மயிர் படர்ந்திருக்கும். காற்றில் இலைகள் புரளும்போது மரம் முழுவதும் வெளுத்துத் தோன்றும்.

'சாலிக்ஸ்' என்ற முதற்சொல்லில்தான் ஆய்வுக்கு வேலை. ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரப் பேராயராக இருந்த இசிதோர், தாவுதல் என்னும் பொருளுடைய 'சலீரே' என்ற வினையிலிருந்து இதைப் பிறப்பித்தார். விரைந்து தாவி வளர்வதால் அப்பெயராம். மரத்தை அவர் சரியாகவே பார்த்திருக்கிறார். வில்லோக் குச்சி ஒன்றை ஈரமண்ணில் செருகினாலே வேர் விடும். வெயிலும் தண்ணீரும் குறையாவிட்டால் மளமளவென உயர்ந்து 25 மீட்டரையும் தாண்டும். ஆனால் சொல்லுக்கு அவர் கூறிய மூலம் ஒலி மயக்கத்தில் பிறந்தது.

தோட்டக்கலை நூல்கள் இன்றும் எடுத்தாளும் இன்னொரு விளக்கம் உண்டு. கெல்டிக் மொழியில் 'சல்' என்றால் அருகு, 'லிஸ்' என்றால் நீர். ஆகவே நீரருகு மரம் என்பார்கள். ஆற்றோரமும் ஈர வண்டலும் நாடும் மரத்துக்கு இது அழகாகப் பொருந்துகிறது. அழகாகப் பொருந்துவதாலேயே ஐயப்பட வேண்டும். உறவு மொழிகளை அடுக்கிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். பழைய ஆங்கிலத்தில் 'சேயல்ஹ்', பழைய ஜெர்மனில் 'சலஹா', ஐரிஷில் 'சைல்', வெல்ஷில் 'ஹெலிக்'. வெல்ஷில் சொல்முதல் சகரம் ஹகரமாவது வழக்கமான மாற்றம். ஆக, இது லத்தீன் பேசியோர் புதிதாகக் கூட்டிய தொகைச்சொல் அன்று. இம்மொழிகள் பிரியும் முன்பே இருந்த மரப்பெயர். அயர்லாந்தின் பழைய ஓகம் எழுத்துமுறையில் சகர எழுத்தின் பெயரே 'சைல்'தான். இதன் வேர் மங்கிய சாம்பல் நிறத்தைக் குறித்தது என்பது மொழியியலாளர் சிலரின் கருத்து. அது சரியென்றால் சாலிக்ஸ் ஆல்பா என்ற இரு சொற்களுமே நிறத்தைச் சொல்பவை.

இப்பெயர் மருந்துக் கடைவரை போய்ச் சேர்ந்தது. காய்ச்சல் மலியும் சதுப்பில் வளரும் மரத்திலேயே அதற்கு மருந்தும் இருக்கும் என்று நம்பிய எட்வர்டு ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வில்லோப் பட்டையைக் காயவைத்துப் பொடித்து ஏறத்தாழ ஐம்பது பேருக்குக் கொடுத்து, பலனை 1763இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1828இல் மியூனிக்கில் யோகான் புக்னர் பட்டையின் கசப்புச் சத்தைப் பிரித்தெடுத்தார். மரத்தின் பெயரால் அது 'சாலிசின்' ஆயிற்று. பத்தாண்டில் ரஃபேலே பிரியா அதிலிருந்து 'சாலிசிலிக்' அமிலத்தைப் பெற்றார். ஆனால் இதே அமிலம் ஸ்பைரியா என்று அப்போது அழைக்கப்பட்ட வேறொரு பூச்செடியிலிருந்தும் கிடைத்து, ஜெர்மானியரிடம் 'ஸ்பிர்' அமிலம் எனப் பெயர் பெற்றிருந்தது. 1899இல் பேயர் நிறுவனம் தன் மருந்துக்குப் பெயர் வைத்தபோது 'அசிடைல்' என்பதன் முதலெழுத்தையும் அந்த 'ஸ்பிர்' என்பதையும் சேர்த்தது. பிறந்தது 'ஆஸ்பிரின்'. புகழ்பெற்ற அந்தப் பெயரில் வில்லோவுக்கு இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தமே.

தமிழுக்கு வில்லோ வந்த வழி இன்னும் கவனத்துக்குரியது. தமிழ் விவிலியத்தின் 137ஆம் சங்கீதத்தில், ஆங்கில மொழிபெயர்ப்பு வில்லோ என்னும் பாபிலோன் ஆற்றங்கரை மரங்கள் 'அலரிச்செடிகள்' ஆகியுள்ளன. லேவியராகமத்தில் 'ஆற்றலரி' என்றே வருகிறது. அங்கே எபிரேயச் சங்கீதக்காரர் சொன்னது யூப்ரடீஸ் பாப்ளர் மரம் என்பதே இன்றைய தாவரவியலாளர் பலரின் முடிவு. அலரியைத் தேர்ந்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அதுவும் ஆற்றுப்படுகையில் வளர்வது; ஒடுங்கி நீண்ட இலை கொண்டது. வில்லோவைக் காணாத வாசகருக்கு அதைவிட நெருங்கிய செடியைக் காட்டுவது அரிது.

ஆனால் விவிலிய வாசிப்பில் பொறுத்துக்கொள்ளத்தக்க இந்தப் பெயர் மருத்துவக் குறிப்பில் ஆபத்தாகும். நம் ஊரில் அலரி, அரளி என்பது இதயத்தை நிறுத்தும் நஞ்சு. வில்லோவுக்கு அது உறவே இல்லை. வில்லோவின் உண்மையான உறவு நம் மலைச்சாரல் ஓடைகளில் நிற்கும் ஆற்றுப்பாலை. அதுவும் சாலிக்ஸ் இனமே. வில்லோப் பட்டையின் மருத்துவக் குணம் பற்றித் தமிழில் எழுதுவோர் மரத்தை வில்லோ என்றே எழுதுங்கள். அகராதியில் அலரி என்று கண்டாலும் அதை மருந்துக் குறிப்புக்குள் கொண்டுவராதீர்கள்.