நிதியும் நூற்பட்டியலும்: மலாயாப் பல்கலைக்கழகத் தமிழாய்வும் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வரலாறும்

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1966ஆம் ஆண்டு மாநாட்டிலிருந்தே தொடங்குவர். அஃது இயல்பே. எனினும், அம்மாநாட்டிற்கு முன்னர் நிகழ்ந்த நிதி திரட்டலும் பின்னர் வெளிவந்த நூற்பட்டியல் ஒன்றும், இத்துறை தன்னைச் சூழ்ந்து வாழும் மக்களோடு கொண்ட உறவை அதனினும் தெளிவாகக் காட்டுகின்றன. அவ்விரண்டையும் முன்னிறுத்தி, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் வாழ்வு பல்கலைக்கழக ஆய்வில் எவ்வாறு இடம்பெற்றது என்பதை நோக்குவதே இக்கட்டுரை.

1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுக்கென ஒரு துறை அமைப்பது குறித்து 1950களின் முற்பகுதியில் ஆலோசிக்கப்பட்டது. இதுபற்றிக் கருத்துரைக்க அழைக்கப்பெற்ற வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சமற்கிருதத்திற்கே முதன்மை தருமாறு பரிந்துரைத்தார். அவர் கருத்தை வெறும் தமிழ்ப்பகை என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. ஸ்ரீவிஜயப் பேரரசைப் பற்றி நூலெழுதிய அவருக்குத் தென்கிழக்காசியாவில் இந்தியா என்பது கல்வெட்டுகளின் இந்தியா; அவற்றுள் பழமையானவற்றின் மொழி பெரும்பாலும் சமற்கிருதமே. ஆனால், மலாயாவில் வாழ்ந்த இந்தியருள் பெரும்பான்மையோர் பால்மரம் சீவியும் இருப்புப்பாதை அமைத்தும் பிழைத்த தமிழர். அவர்தம் மொழி அவர்கள் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாமிடம் பெறுவதைத் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி ஏற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் அவர் தொடங்கிய நிதிக்குத் தொழிலாளர் முதல் வணிகர் வரை பலரும் பொருள் தந்தனர். 1956இல் துறை அமைந்தபோது தமிழே அதன் முதன்மை மொழியாயிற்று. திரண்ட நிதி தமிழ் நூற்றொகுப்புக்குத் துணையாயிற்று. 1950களின் இறுதியில் துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது.

மேலெழுந்தவாரியாக நோக்கின் இது சமற்கிருதமா தமிழா என்னும் மொழிப்போர். ஆழ்ந்து நோக்கின், 'இந்தியா'வை ஆராயும் துறை பண்டைய நாகரிகத்தை ஆராய வேண்டுமா, கண்முன் வாழும் மக்களை ஆராய வேண்டுமா என்னும் வினாவே அதனுள் இருந்தது. மொழியளவில் மக்கள் வென்றனர். ஆய்வுப்பொருள் அளவிலும் வென்றனரா என்பது வேறு வினா.

1961இல் துறையில் பொறுப்பேற்ற சேவியர் தனிநாயகம் அடிகள் அதன் எல்லையை உலகளவுக்கு விரித்தார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியபோது அவரும் செக் நாட்டறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்களாயினர். 1966 ஏப்ரலில் மன்றத்தின் முதல் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். சங்க இலக்கியமும் திராவிட மொழியியலும் தென்கிழக்காசியத் தொடர்புகளும் அன்று ஒரே அவையில் ஆராயப்பட்டன. அதே ஆண்டில் அடிகளார் தொகுத்த தமிழாய்வு நோக்குநூலும் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. இவையெல்லாம் பலரும் விரித்தெழுதியவை. இங்கு மிகுதியும் கூற வேண்டுவதில்லை.

மலேசிய இந்தியரின் சமூக வரலாற்றை முறையாக எழுதியவர்கள் வரலாற்று, புவியியல் அறிஞர்களே. கேர்னியல் சிங் சந்துவின் குடியேற்ற வரலாற்று நூல் 1969இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த யாழ்ப்பாணத்தவரான சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் 1970இல் வெளிவந்தது. இரண்டும் இன்றும் தவிர்க்க இயலாதவை. இரண்டும் ஆங்கில நூல்கள். அரசாங்க அறிக்கைகளும் தொழிலிலாகாக் கோப்புகளும் இத்தகைய வரலாறுகளுக்கு முதன்மைச் சான்றுகளாயின. அச்சான்றுகளின் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படும் இடம் 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம்.

1938இல் இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. கங்காணி வழியாகப் புதிய ஆள் திரட்டும் வாய்ப்புத் தோட்ட முதலாளிகளுக்கு அற்றுப்போனமையால், இருந்த தொழிலாளரின் பேரம் பேசும் வலிமை கூடிற்று. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன் 'தமிழ் நேச'னில் பணியாற்றியவர். 1941 மார்ச் முதல் மே வரை பரவிய அப்போராட்டத்தில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி மட்டும் கேட்கப்படவில்லை. பெண்களுக்குத் தொல்லை தரும் மேலாட்களை நீக்குதல், கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, துரைமார் எதிரில் சைக்கிளை விட்டிறங்காமல் செல்லும் உரிமை ஆகியனவும் கேட்கப்பட்டன. மே மாதத்தில் நாதன் கைதாகிப் பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் மாண்டனர்.

கூலிக் கோரிக்கையை அரசுக் கோப்பு கணக்கோடு பதிவுசெய்யும். சைக்கிள் கோரிக்கையை ஒரு வரியில் குறித்து, அடுத்த பொருளுக்குச் சென்றுவிடும். அந்த ஒரு வரியின் பின்னாலிருந்த மான உணர்ச்சியை அறியத் தமிழ் இதழ், துண்டறிக்கை, சங்க மலர், தோட்டத்துப் பாடல் ஆகியவையே நமக்கு வழி.

இவ்விடத்தில்தான் துறை விரிவுரையாளர் இராம சுப்பையாவின் பணி பெருமதிப்புப் பெறுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் திரட்டி அவர் அமைத்த 'தமிழ் மலேசியானா' என்னும் பட்டியலைப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. மாநாட்டுப் புகழ் எதுவும் இதற்கு வாய்க்கவில்லை. பட்டியலைப் படித்து மகிழ்வார் யார்? ஆயினும், இந்நாட்டில் அச்சான தமிழ் எழுத்தும் ஆய்வுக்குரிய சான்றே என்று பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குப் பொருளளித்தோரின் எழுத்து அப்பட்டியல் வழியாகத்தான் நூலகத்துக்குள் நுழைந்தது எனலாம். 1970களில் இரா. தண்டாயுதம் மலேசியத் தமிழ்ப் புனைகதையை ஆய்வுப்பொருளாக ஏற்றதற்கும், பின்னர் மாணவர் தம் ஆய்வேடுகளில் தோட்டங்களையும் கோயில்களையும் எடுத்துக்கொண்டதற்கும் இம்மனமாற்றமே அடிப்படை.

சான்றுகள் எல்லாத் தரப்பாருக்கும் ஒரே அளவில் எஞ்சுவதில்லை. பல்கலைக்கழகத்திற்கு அண்மையிலுள்ள பிரிக்பீல்ட்ஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அங்கு இருப்புப்பாதைப் பணியை நம்பி வாழ்ந்தோருள் இலங்கைத் தமிழ்க் கிராணிமாரும் தமிழகத் தொழிலாளரும் இருந்தனர். கிராணிமார் சார்ந்த சமூகம் 1904இல் விவேகானந்த ஆசிரமத்தை நிறுவியது. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலையும் பேணியது. சங்கம், உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு என்று எழுதிவைக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அத்தகைய ஏடுகள் அரிது. 1905ஆம் ஆண்டைச் சேர்ந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' வீடுகள் பின்னாளில் இடிக்கப்பட்டபோது கட்டடங்களோடு அண்டை அயலாரின் நினைவும் கலைந்தது. 2010இல் அப்பகுதி 'லிட்டில் இந்தியா'வாகப் புதுப்பொலிவு பெற்றது. அதன் வளைவுகளில் தொழிலாளரைக் காண்பதற்கில்லை.

பல்கலைக்கழகத்திற்கு வெளியேயும் தொகுப்புப்பணி நடந்திருக்கிறது. கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து, கிள்ளானில் ஆசிரியராக விளங்கிய முரசு நெடுமாறன் நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி 1997இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சிய'த்தை வெளியிட்டார். ஒரு துறை செய்ய வேண்டிய பணியைத் தனியொருவர் செய்து முடித்தார் என்றே அதனை மதிப்பிட வேண்டும். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 சனவரியோடு நின்றுவிட்டது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன. தோட்டத்தோடு அதன் பள்ளியும் இடம்பெயர்கிறது.

அவ்வாறு இடம்பெயரும் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். பெயர், பிறந்த நாள், தந்தையின் தொழில், முகவரி, பள்ளியை விட்டு நீங்கிய நாள் என நீளும் அப்பத்திகளில், ஒரு தோட்டத்துக் குடும்பங்கள் எந்த ஆண்டில் எங்குப் பெயர்ந்தன என்பது அத்தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரோடு கிடைக்கக்கூடும். 'தமிழ் மலேசியானா' அச்சானவற்றையே பட்டியலிட்டது. கையெழுத்தில் உள்ள இவ்வேடுகளுக்கு அதுபோன்ற பட்டியலைத் தொடங்கப் பெருநிதி தேவையில்லை. கிள்ளானில் ஒரு பள்ளியின் அலமாரியிலிருந்தே தொடங்கலாம்.