இங்கிலாந்தின் அகழெலி பிடிப்போர்

அகழெலி கொறிக்கும் இனமல்ல. பயிரைத் தின்பதும் இல்லை. மண்புழுதான் அதன் உணவு. நூறு கிராம் அளவே எடையுள்ள இந்தச் சிற்றுயிர் புழுவைத் தேடி மண்ணுக்கடியில் வளை தோண்டிக்கொண்டே போகும். தோண்டிய மண்ணை மேலே தள்ளிவிடும். இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் சிக்கலே அந்த மண்மேடுகளால்தான். புல் அறுக்கும் கத்தி மழுங்கும். புளிக்கவைத்துச் சேமிக்கும் ஊறுகாய்ப்புல்லில் மண் கலந்தால் கால்நடைக்கு நோய் வரும். குதிரையின் கால் இடறும். 1702இல் மூன்றாம் வில்லியம் மன்னரின் குதிரை அப்படியொரு மேட்டில் இடறியது என்பார்கள். கீழே விழுந்து காறையெலும்பு முறிந்த மன்னர் அதன்பின் அதிக நாள் இருக்கவில்லை.

1566இல், முதலாம் எலிசபெத் ஆட்சியில், தானியத்தைக் காக்க ஒரு சட்டம் வந்தது. ஊர்த் தேவாலயத்தின் பொறுப்பாளர்கள் நிலம் வைத்திருப்போரிடம் வரி தண்டி, தீங்கு செய்யும் உயிர்களைக் கொன்று கொண்டுவருவோருக்குக் காசு கொடுக்க வேண்டும். மூன்று எலித் தலைக்கு ஒரு பென்னி. அகழெலி ஒன்றுக்கே அரை பென்னி. பின்னாளில் பல ஊர்கள் அகழெலி பிடிப்பவரை ஆண்டுக் கூலிக்கே அமர்த்திக்கொண்டன.

அகழெலி பிடிப்போரின் பழைய பொறி மரத்தால் ஆனது. உள்ளே குடைந்த சிறு மரக்குழாய். அதன் இரு முனையிலும் குதிரை மயிரால் திரித்த சுருக்கு. நடுவில் ஒரு முளைக்குச்சி. குழாயை வளைக்குள் பொருத்தி, வளைத்துக் கட்டிய கொம்பு ஒன்றோடு சுருக்கை இணைப்பார்கள். அகழெலி முளைக்குச்சியைத் தள்ளியதும் கொம்பு விசையோடு நிமிரும், சுருக்கு இறுகும். பொறியைச் செய்வதைவிட வைக்கும் இடத்தை அறிவதே பெரிய வித்தை. மேலாக ஓடும் வளைக்கு அகழெலி திரும்பாமலே போகலாம். வேலியோரமாக ஆழத்தில் செல்லும் வளையில்தான் அது நாள்தோறும் போய்வரும். குச்சியால் குத்திப் பார்த்து, மண் திடீரென இளகும் இடத்தை வைத்து அந்த வளையைக் கண்டார்கள்.

இந்த அறிவு இல்லாமலே வேலையை முடிக்க நஞ்சு வழிகாட்டியது. ஸ்ட்ரிக்னினை 1818இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியேயும் கவாந்துவும் பிரித்தெடுத்தார்கள். தென்னிந்தியக் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் கொட்டையிலும் இருப்பது அதே நஞ்சுதான். பிரிட்டனில் அதை மண்புழுவில் தடவி வளைக்குள் போட்டார்கள். இழுப்பு வந்து சாகும் கொடிய சாவு அது. பிற உயிர்களுக்கும் ஆபத்து. 2006 செப்டம்பரில் அது தடைசெய்யப்பட்டது நியாயமே.

கொல்லாமல் விரட்டவும் கருவிகள் உண்டு. இன்றைய மின்கருவிக்கு முன்னோடி காலிப் புட்டி. காற்றடித்தால் ஊதொலி எழும்பும்படி அதை வளையருகே புதைத்து வைப்பது தோட்டக்காரர்களின் பழைய வழக்கம். பின்னர் மின்கலத்திலும் சூரிய ஒளியிலும் இயங்கும் முளைகள் கடைக்கு வந்தன. மண்ணில் ஊன்றினால் விட்டுவிட்டு அதிரும். அதிர்வை நுட்பமாக உணரும் விலங்கு அஞ்சி ஓடும் என்பது கணக்கு. ஆனால் சாலையோரத்திலும் இருப்புப்பாதை ஓரத்திலும் அகழெலி குடியிருப்பதைப் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. எலிகளுக்கென விற்கும் மீயொலிக் கருவியின் கதையும் அதுவே: அந்த ஒலி சுவரையும் சாமானையும் தாண்டாது, எலிகளும் விரைவில் பழகிவிடும். 2001இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், தகுந்த சான்றின்றி விளம்பரம் செய்யக்கூடாது என்று அறுபதுக்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது.

ஸ்ட்ரிக்னின் போன பிறகு பிரிட்டனில் பொறி வைப்போருக்கு மீண்டும் வேலை கூடியது. பொறி இப்போது இரும்பு. வளையைத் தேடும் முறை பழையதுதான்.