தண்டிக்கும் கடவுளா, மன்னிக்கும் கடவுளா?

1924 ஜூன் 26 இரவு சுமார் 11.30 மணிக்குத் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். இன்று வெளிநாட்டுக்காரர்களும் ஆட்டோக்களுமாக இருக்கும் அந்தப் பகுதியில் அன்று இருந்தது சில கூரைக் கொட்டகைகள்தான். 1922-ல் மறைந்த தாயாரின் சமாதி அருகே ரமணர் வந்து தங்கிச் சுமார் ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

சாமியார்களிடம் பணம் ஏது? திருடர்கள் நம்பவில்லை. நாங்கள் வெளியே போய்விடுகிறோம், தாராளமாகத் தேடிக்கொள்ளுங்கள் என்றார் ரமணர். அப்படி வெளியே வந்தவர்களை வாசலில் நின்று தடியால் அடித்தார்கள். ரமணருக்கு இடது தொடையில் அடி. போதவில்லை என்றால் இன்னொரு காலிலும் அடிக்கலாம் என்றாராம்! ஒரு சீடர் ஆத்திரத்தில் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, ரமணர் தடுத்துவிட்டார். நாக்கைப் பல் கடித்துவிட்டால் பல்லையா உடைத்துப் போடுகிறோம் என்பது அவருடைய வாதம். இதற்கிடையில் திருடர்கள் விளக்கு கேட்க, அதையும் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார். கடைசியில் கிடைத்தது கொஞ்சம் வெள்ளித் தகடு, அரிசி, மாம்பழம். எல்லாம் சேர்த்து ஒரு 10 ரூபாய் தேறும்.

சில நாட்களில் போலீஸ் அவர்களைப் பிடித்தது. சிறைத் தண்டனையும் கிடைத்தது.

ஆக, ஒரே குற்றத்துக்கு மன்னிப்பும் நடந்தது, தண்டனையும் நடந்தது. எது சரி? இந்தக் கேள்வியோடு பைபிள் பல நூற்றாண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறது. ரமணருக்கும் பைபிள் புதிதல்ல. அவர் படித்தது மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில். கடவுள் மோசேயிடம் தன் பெயரைச் சொல்லும் யாத்திராகமம் 3:14-ஐ அவர் பிற்காலத்தில் அடிக்கடி எடுத்துச் சொல்வார்.

அதே யாத்திராகமத்தின் 34-ம் அதிகாரத்தில் கடவுள் தன் குணத்தையும் சொல்கிறார். இரக்கமுள்ளவர், கோபிக்கத் தாமதிப்பவர், பாவத்தை மன்னிப்பவர். ஆனால் குற்றவாளியைச் சும்மா விடாதவர், தகப்பன் செய்ததை மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிப்பவர். இரண்டும் ஒரே மூச்சில்!

பின்னால் வந்தவர்கள் இதை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டதுதான் வேடிக்கை. நினிவே என்பது அசீரியப் பேரரசின் தலைநகரம். கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரேல் ராஜ்யத்தை அழித்தவர்கள் அசீரியர்கள்தான். அந்த நகரத்தைப் பற்றிப் பேசும் நாகூம், 'குற்றவாளியை விடமாட்டார்' என்ற பாதியை எடுத்துக்கொள்கிறார். யோனாவின் கதையிலோ அதே நினிவே மனம் திரும்புகிறது, கடவுள் மன்னித்துவிடுகிறார். யோனாவுக்குக் கோபம் தாங்கவில்லை. நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்கு அப்போதே தெரியும் என்று, மற்றப் பாதியைக் கடவுளிடமே புகாராக வைக்கிறார்! மீன் விழுங்கிய கதை மட்டும் தெரிந்தவர்கள் இந்த நாலாம் அதிகாரத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நினிவே கி.மு. 612-ல் தரைமட்டமானது. யோனா புத்தகம் எழுதப்பட்டது அதற்கும் பிறகுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. அப்படியானால் அதை முதலில் படித்தவர்களுக்கு அந்த ஊர் ஏற்கெனவே மண்மேடு. தங்கள் முன்னோர்களை நாசம் செய்த ஊர் வேறு. அந்த ஊருக்குக் கடவுள் இரங்கினார் என்ற கதையைத்தான் அவர்கள் வேதமாக வைத்துக்கொண்டார்கள்.

பழைய ஏற்பாட்டில் கோபக்காரக் கடவுள், புதிய ஏற்பாட்டில் அன்பான கடவுள் என்று சிலர் சுலபமாக முடித்துவிடுவார்கள். அது ஒத்துவராது. யோனா இருப்பது பழைய ஏற்பாட்டில். நிலம் விற்ற பணத்தில் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் விழுந்து சாவது புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் 5-ல்.

யோனாவின் கோபத்தையும் லேசாக ஒதுக்க முடியாது. அடிபட்டவன் மன்னிப்பது ஒன்று, அடிபட்டவனுக்காக வேறொருவர் மன்னிப்பது வேறு. அன்று ஆசிரமத்தில் மற்றவர்களும்தான் அடி வாங்கினார்கள். ரமணர் அவர்களுடைய காயத்துக்கு மருந்து போடச் சொன்னார், திருப்பி அடிப்பதை மட்டும் தடுத்தார். மறுநாள் போலீஸ் விசாரிக்க வந்தபோது தனக்கு அடிபட்டதை அவராக எடுத்துச் சொல்லவில்லை. அவர்கள் வேலையில் குறுக்கிடவும் இல்லை.