தரங்கம்பாடி: வடஐரோப்பியக் கடலோடிகளின் குடியிருப்பு

தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்துக் கடலோர ஊர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ளது. 1620 முதல் 1845 வரை, 1808-1815 உள்ளிட்ட சில ஆண்டுகளில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தது நீங்கலாக, டென்மார்க் கொடியின் கீழ் இருந்தது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்றிய 1674ஆம் ஆண்டுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே டேனியக் கோட்டை எழுந்துவிட்டது. புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களைக் காண வருவோரில் பலர் இந்த மூத்த ஊரை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள்.

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியான் 1616இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றை நிறுவினார். 1618இல் புறப்பட்ட கப்பல்களுக்குத் தலைவர் ஓவே கெட்டே என்ற இளைஞர், வயது இருபத்துநான்குக்குள். முன்னோடியாக வந்த 'ஊரசுண்டு' என்ற கப்பலைப் போர்த்துகீசியர் 1619இல் காரைக்கால் அருகே தாக்கி அழித்தனர். உயிர் பிழைத்த ரோலன்ட் கிராப்பேயும் பதின்மூன்று பேரும் கரையேறித் தஞ்சை இரகுநாத நாயக்கர் முன் கொண்டுபோகப்பட்டனர். நாயக்கருக்குப் போர்த்துகீசியர் அல்லாத வணிகர் ஒருவர் வேண்டியிருந்தது. அதனால் கைதிகளாக வந்தவர்கள் தூதர்களானார்கள். 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக் குத்தகைக்கு ஊர் கிடைத்தது. அங்கே எழுந்ததுதான் டேன்ஸ்போர்க் கோட்டை.

இக்குடியிருப்பை டென்மார்க்குக்கு மட்டும் உரியதாகச் சொல்வது குறைவான கணக்கு. நார்வேயும் ஐஸ்லாந்தும் அப்போது அதே முடியின் கீழ் இருந்தன. ஓவே கெட்டே பிறந்த ஸ்கோனே பகுதி இன்று சுவீடனில் உள்ளது. கோட்டையில் பீரங்கி வீரராக இருந்த யோன் ஓலஃப்சன் ஐஸ்லாந்துக்காரர். 1620களின் முற்பகுதியில் பணியாற்றி, வெடிமருந்து விபத்தில் காயமடைந்து ஊர் திரும்பினார். முதிய வயதில், 1661இல், தம் நினைவுகளை எழுதினார். ஐஸ்லாந்தில் அவர் 'இந்தியப் பயணி' என்றே அறியப்படுகிறார். ஆளுநர்களும் தளபதிகளும் எழுதிய அறிக்கைகளைவிட, சாதாரணப் படைவீரர் ஒருவரின் இந்தக் குறிப்பே அக்காலத் தரங்கம்பாடியை நமக்கு நெருக்கமாகக் காட்டுகிறது. நார்வேயில் பிறந்த பீட்டர் ஆங்கர் 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்தார். தென்னிந்தியக் காட்சிகளை அவர் நீர்வண்ணத்தில் தீட்டினார். அந்த ஓவியங்கள் ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் உள்ளன.

கம்பெனி நொடித்துப்போன காலமும் உண்டு. 1640களிலிருந்து 1669 வரை தாய்நாட்டிலிருந்து கப்பல் எதுவும் வரவில்லை. கோட்டையில் இருந்த டேனியர் ஒவ்வொருவராக இறந்து, கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் என்ற சாமானியர் ஒருவரே எஞ்சினார். உள்ளூர்க்காரர்களையே காவலுக்கு வைத்து, ஊருக்கு மதிலும் எழுப்பி, தஞ்சைப் படைகளின் முற்றுகைகளைத் தாங்கிக் கோட்டையைக் காத்தார். 1669இல் 'ஃபேரோ' கப்பல் வந்தபோது கொடி இறங்காமல் இருந்தது. டேனியர் பெருமையாகச் சொல்லப்படும் இக்கதையில் பெயர் தெரியாத தமிழ்க் காவலர்களின் பங்குதான் பெரிது.

1706இல் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய ஜெர்மானிய மதபோதகர்களான சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்திறங்கினர். அதன்பின் இங்கிருந்தே தமிழ் அச்சுப் புத்தகங்கள் வெளியாயின. 1718இல் கட்டிமுடித்த புதிய எருசலேம் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. நிக்கோபார் தீவுகளில் 1750களில் டேனியர் இங்கிருந்து தொடங்கிய குடியேற்றம் காய்ச்சலுக்கு இரையாகி நிலைக்கவில்லை.

1845இல் தரங்கம்பாடியும் வங்கத்தில் டேனியருக்கு இருந்த செராம்பூரும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. கோட்டையில் இன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. டேனியர் வருமுன்பே, பாண்டியர் காலத்தில், எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. கோட்டைக்குக் கிடைக்கும் அக்கறை அந்தக் கோயிலுக்கும் மீனவக் குடியிருப்புக்கும் கிடைத்தால்தான் இவ்வூரின் வரலாறு முழுமையாகக் காக்கப்படும்.