சுஷியும் ஒரு கையேந்தி பவன் கதைதான்

ஒமகாசே சுஷிக்கு ஆயிரக்கணக்குல பணம் கட்டுறவங்க என்ன எதிர்பார்க்கறாங்க? மெனு கிடையாது, சமையல்காரர் கண்ணு முன்னாடியே பிடிச்சு, அப்பவே தரணும். நம்ம கதிர்காமத்துத் தள்ளுவண்டி தோசையும் அப்படித்தானே வருது?

1820-களில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், நிகிரி சுஷி தெருக்கடை உணவு. நின்னபடியே ரெண்டு வாய் சாப்பிட்டுக் கிளம்புவாங்க. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெருக்கடைகள் தடைசெய்யப்பட, சுஷி கட்டடத்துக்குள் போனது. கவுன்டரும் கூடவே போச்சு. 2007-ல் டோக்கியோவுக்கு வந்த பிரெஞ்சுக் கையேடு மிஷலின், 10 இருக்கை மட்டுமே உள்ள 'சுகியாபாஷி ஜிரோ'வுக்கு மூன்று நட்சத்திரம் தந்தது.

ஒமகாசேன்னா 'உங்ககிட்டயே விட்டுட்டேன்'னு அர்த்தம். அந்த நம்பிக்கைக்குத்தான் விலை. தள்ளுவண்டி அண்ணன்கிட்டயும் நாம அதையேதான் சொல்றோம். ஆனா அவர் வண்டியை மட்டும் ஆக்கிரமிப்புன்னு சொல்லித் தூக்குறப்போ, யாரும் வாயே திறக்கறதில்லை.