செக்ரோலில் ஏறாத பேர்

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள்தான். உள்நாட்டுப் பல்கலைக்கழகம், மென்பொருள் துறை. குளுவாங்கிலிருந்து போன எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. நார்வேயிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையை ஆராய வந்த விவியன் லாகெசனுக்கு அது பெரிய ஆச்சரியம். 2008இல் வெளியான அவருடைய கட்டுரை ஐரோப்பாவையும் நம் ஊரையும் ஒப்பிடுகிறது. அங்கே ஆம்பளைப் படிப்பு என்று ஆகிவிட்ட கணினி, இங்கே வெயில் படாமல் உள்ளே உட்கார்ந்து செய்கிற, பெண்ணுக்குத் தோதான வேலையாகப் பார்க்கப்படுகிறது. என் அம்மாவும் அப்படித்தான் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார்.

அதே பல்கலையில் திறந்த மூல மென்பொருள் பட்டறை ஒன்று நடந்தது. அதற்கு வந்த பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நான் ஒரு பிழையில் மாட்டிக்கொண்டு முழித்தபோது சீனியர் ஒருவர், "தள்ளிக்கோ, நான் செய்றேன்" என்று கீபோர்டை இழுத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நன்றிகூட சொன்னேன். அவர் என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பல வருஷம் கழித்து, லினக்ஸ் நிரலாளர் வேலரி அரோரா 2002இல் எழுதிய கையேட்டைப் படித்தேன் (அப்போது அவர் பெயர் வால் ஹென்சன்). லினக்ஸுக்குப் பெண்கள் வரவேண்டும் என்றால் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஆண்களுக்குச் சொல்லும் கையேடு அது. அதில் ஒரு அறிவுரை: அவள் கையிலிருந்து கீபோர்டைப் பிடுங்காதே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதை எழுதியபோது நான் பாலர் பள்ளியில் இருந்திருப்பேன்.

அதற்கும் முன்பே, 1998இல், லினக்ஸ்சிக்ஸ் என்ற பெண்கள் குழு தொடங்கிவிட்டது. 2004இல் டெபியன் விமன் வந்தது. இருந்தும் 2006இல் ஐரோப்பிய ஒன்றிய ஆதரவில் வெளிவந்த ஃப்ளாஸ்போல்ஸ் ஆய்வு, கட்டற்ற மென்பொருளில் பெண்கள் சுமார் 1.5 விழுக்காடு என்றது. சம்பளத்துக்கு மென்பொருள் எழுதும் நிறுவனங்களில் அது 28 விழுக்காடு. பெண்களுக்கு நிரல் எழுத வராது என்ற கதை இந்த இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்தாலே நிற்காது.

அதே 2006இல் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம். கூகுளின் கோடைக்காலத் திட்டத்தில் ஜினோமுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் பெண்கள் பூஜ்யம். ஹன்னா வாலக்கும் கிறிஸ் பாலும் சும்மா இருக்கவில்லை. பெண்களுக்கென்றே தனியாக ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். அதற்கு வந்தவை சுமார் நூறு விண்ணப்பங்கள். மூன்று பேரை எடுக்க நினைத்தவர்கள் ஆறு பேரை எடுத்தார்கள். அந்த நூறு பேரும் ஒரே மாதத்தில் நிரல் கற்றுக்கொண்டு வந்துவிடவில்லையே! 'எல்லாரும் வரலாம்' என்ற பொது அழைப்பு தங்களுக்கானது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

2010இல் அந்தத் திட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் மரீனா ஷுரகின்ஸ்கயா. 2022இல் அவர் மறைந்துவிட்டார். இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் நடக்கும் அது, ஆயிரம் பேருக்கு மேல் பயிற்சி கொடுத்திருக்கிறது. நிரல் மட்டுமல்ல, வடிவமைப்பும் ஆவணம் எழுதுவதும் அங்கே வேலைதான். என் கணக்கில் உண்மையான மாற்றம் அதுதான்.

ஏனென்றால் 2017இல் கிட்ஹப் நடத்திய ஆய்வில், பதில் சொன்னவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள், 3 விழுக்காட்டினர் மட்டுமே பெண்கள். அதே ஆய்வில், ஆவணங்கள் அரைகுறையாக இருக்கின்றன என்று குறைப்பட்டவர்கள் 93 விழுக்காடு. அப்படியானால் எழுதுகிறார்களா? பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர், ஆவணம் எழுதுவது அபூர்வம் அல்லது எழுதுவதே இல்லை என்றார்கள். எல்லாருக்கும் வேண்டும், யாரும் செய்ய மாட்டார்கள். செய்பவரை நிரலாளர் என்று எண்ணவும் மாட்டார்கள்.

என் பாட்டி தோட்டத்தில் தாத்தாவின் நிரையில் பால் எடுத்துச் சேர்த்தவர். செக்ரோலில் தாத்தா பேர்தான் ஏறும். "நான் சும்மா கூடப் போனேன்" என்பார் பாட்டி. விடியும் முன்னே எழுந்து போனது சும்மாவாம்! வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு செயலியின் தமிழ் மொழிபெயர்ப்பை இரண்டு மாத இரவுகள் உட்கார்ந்து முடித்தேன். ஒருங்கிணைத்த அண்ணன் எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகத் தன் கணக்கிலிருந்து ஏற்றினார். கெட்ட எண்ணம் இல்லை. கேட்டபோது, "மொழிபெயர்ப்புதானேம்மா" என்றார். நானும் விட்டுவிட்டேன். பாட்டி சொன்ன அதே "சும்மா"வை நானும் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

தமிழில் இந்தக் கணக்கைப் பேசினால் து. நித்யா பேரை விட முடியாது. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழில் தொடர்ந்து எழுதியவர். 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்', 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' எல்லாம் அவர் எழுதியவை. தரவுத்தளம் பற்றித் தமிழில் நான் முதலில் படித்தது அவருடைய புத்தகத்தில்தான். விரிவுரையில் மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டுப் புரியாமல் போனது, அங்கே ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரி புரிந்தது. இதை எந்தக் கமிட் வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டுவது?

அவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவை. யாரும் இறக்கிப் படிக்கலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம். ஆசிரியர் பேரை மட்டும் எடுக்கக் கூடாது. போன மாதம் குளுவாங் டவுனில் ஒன்றை அச்செடுத்து, கம்பிச்சுருள் போட்டு, படிவம் நான்கு படிக்கும் மாமா மகளிடம் கொடுத்தேன். முதல் பயிற்சியிலேயே பிழை வந்து என்னைக் கூப்பிட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொள்ளத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.